விபூதிப் புதனுக்கு முன் ஒரு கூரை

அன்ரோ நண்டு தின்ற விதத்தைப் பார்த்ததுமே மக்டலினுக்குச் சீ என்றாகிவிட்டது. மாப்பிள்ளையாகப் போகிறவன், வீடு பார்க்கவென்று தாயோடு முதல்தரம் வந்திருக்கிறவன், நண்டுக்காலை வாயில் வைத்து உறிஞ்சிக் கோதை மேசைவிரிப்பின் மேலேயே துப்பினான். துப்பிவிட்டு, "நண்டில சதை காணாது மாமி" என்று குறை வேறு. அவள் விடியப்புறம் எழும்பி, வாவிக்கரையில் தோணி வரும்வரை காத்துநின்று வாங்கிவந்த நண்டு அது.

கை கழுவியதும் அவன் வீட்டு வளவின் முன்பக்கம் எழும்பிக்கொண்டிருந்த புது வீட்டுக்குள் போனான். சுவர் எழும்பிப் பீமும் கட்டியாயிற்று. கூரைதான் இல்லை. அன்ரோ ஒவ்வொரு அறையாகப் போய் நின்று, சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "ரீவி இதில வரும். ஏசிய அந்த மூலைக்குப் போட்டாத்தான் கட்டிலுக்குக் காத்துப் பிடிக்கும்" என்றான். மக்டலினின் புருசன் அருளப்பு கையைக் கட்டிக்கொண்டு, "ஓம் மகன், ஓம் மகன்" என்று அவன் பின்னாலேயே திரிந்தார். அரசாங்கத்தில் தண்ணீர் பவுசர் ஓட்டி ஓய்வெடுத்த மனிசன் அவர். சீவியத்தில் ஒருவரையும் எதிர்த்துப் பேசியதில்லை, பெண்சாதியைத் தவிர.

இந்தப் பக்கத்தில் ஆண்பிள்ளை வீடு கட்டுவதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிவைக்க வேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார். மக்டலினுக்கும் தாய் அப்படித்தான் ஒரு வீடும், வாவிக்கு அங்கால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு வயலும் தந்தாள். அந்த வழக்கத்தில் மக்டலினுக்குக் கோபமில்லை. ஆனால் அவள் அறிந்த மாப்பிள்ளைமார் பெட்டியோடு ஒரு தொழிலையும் கொண்டுவந்து ஏறினார்கள். முப்பது தாண்டிய அன்ரோ, ஏஜென்சியில் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு விசா வருமென்று இருந்தான். அது வரும்வரை வேறு வேலை தொடமாட்டேன் என்று யாருக்கோ சத்தியம் பண்ணிக்கொடுத்தவன் மாதிரி இருந்தான்.

"மகன் இப்ப என்ன செய்யிறார்?" என்று மக்டலின் கேட்டாள். கேட்டது அன்ரோவைத்தான். வாயைத் திறந்தது தாய் றொசலின்.

"அவனுக்கென்ன மச்சாள், ராசி உள்ள புள்ள. கலியாணம் முடியட்டும், எல்லாம் தானா வரும்."

தானாக வருமாம்! மக்டலின் தன் சீவியத்தில் தானாக வந்த எதையும் கண்டதில்லை. வயலில் புல்லைத் தவிர.

அவளுக்குப் பெரிய சங்கடம் வேறொன்று. மகள் சர்மிளாவுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. சர்மிளாவுக்கு இருபத்தொன்பது வயது. புளியந்தீவில் ஒரு பாமசியில் வேலை. நாள் முழுக்கக் கால்கடுக்க நின்று ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக்கொடுத்துவிட்டு, பஸ்ஸில் நெரிபட்டு வீட்டுக்கு வருவாள். இதற்கு முதல் வந்த சம்பந்தங்கள் எல்லாம், வீடு கட்டி முடியவில்லை என்று திரும்பிப் போனவை. அன்ரோ ஒருவன்தான் அது தெரிந்த பிறகும் கைபேசியில் கூப்பிட்டுப் பேசினான். அவன் ஒரு பகிடி விடத் தொடங்கினால், அது முடியுமுன்னே அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது மக்டலினுக்கு நண்டுக்கோதை மறந்துவிடலாம் என்றுகூடத் தோன்றும்.

போகும்போது றொசலின் படியில் நின்று, அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலச் சொன்னாள். "விபூதிப் புதனுக்கு முதல் கலியாணத்த முடிச்சிரோணும் மச்சாள்."

விபூதிப் புதனோடு நாற்பது நாள் தவசுகாலம் தொடங்கிவிடும். தவசுகாலத்தில் கோயிலில் கலியாணம் நடக்காது. அதை விட்டால் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்குப் பிறகுதான்.

"அப்ப பாஸ்குவுக்குப் பிறகு வைப்பம்" என்றாள் மக்டலின். "வெள்ளாமை வெட்டினாத்தான் கூரை போடலாம். வெள்ளாமை மாசிக் கடைசியிலதான் பழுக்கும். அவசரப்பட ஏலாதுகா."

"பாஸ்கு வரும்மட்டும் இவன் எங்க கிடக்கிற? மூத்தவள் புருசனோடயும் புள்ளைகளோடயும் வந்து நிக்காள். அந்த வீடு அவளுக்குக் குடுத்தது. இவன் விறாந்தையில படுக்கான்" என்று றொசலின் உள்ளதை உளறிவிட்டாள். உளறியது தெரிந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு, "கல்லடிப் பக்கமும் ஒரு இடம் சொல்லி வந்திரிக்கு. சீலிங்கும் அடிச்சு முடிஞ்ச வீடாம். எங்களுக்குச் சர்மிளாப் புள்ளையிலதான் விருப்பம்" என்றாள்.

மக்டலினுக்கு விசயம் விளங்கிவிட்டது. விறாந்தையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் ஒருவனைத் தூக்கி இன்னொரு வீட்டு அறையில் வைக்கப் பார்க்கிறார்கள். அதற்குக் கலியாணம் என்று பேர்.

அடுத்த ஞாயிறு பூசையில், பங்குச் சாமி பிரசங்கத்தை அவர்களுக்கென்றே வைத்தாரோ என்னவோ. நாள் குறிக்காவிட்டாலும், மகளின் விருப்பத்துக்காக மக்டலின் ஓலைக்குச் சம்மதித்திருந்தாள்; முதலாவது கலியாண ஓலை அன்றுதான் வாசிக்கப்பட்டது. இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் விவாகம் செய்யப்போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லவும் என்று ஊரறிய வாசிக்கும் ஓலை. அதை வாசித்த கையோடு சாமி, ஞானியான அரசன் தன் மகனுக்குச் சொன்ன புத்தியை எடுத்தார். முதலில் வெளியில் செய்யவேண்டிய வேலையை ஆயத்தம் பண்ணவேண்டும், வயலை ஒழுங்குபடுத்தவேண்டும், வீடு கட்டுவது அதற்குப் பிறகு என்று விளக்கினார். இந்தக் காலத்தில் எல்லோருக்கும் பலன் முதலில் வேண்டியிருக்கிறது, பாடு பிறகு பார்க்கலாம் என்கிறார்கள் என்றார்.

மக்டலினுக்குக் காது குளிர்ந்தது. பக்கத்து வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். றொசலின் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். லேஞ்சியால் கண்ணையும் ஒற்றிக்கொண்டாள். அன்ரோ கைபேசியை செபப் புத்தகத்துக்குள் வைத்து நோண்டிக்கொண்டிருந்தான். அருளப்பு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்து, கோயில் மணல் காலில் படுமுன்னே றொசலின் ஓடிவந்து மக்டலினின் கையைப் பிடித்தாள். "என்ன வடிவான பிரசங்கம் மச்சாள், நெஞ்சைத் தொட்டிற்று." பெருமூச்சு ஒன்று விட்டாள். "கூரைக்கு மரம் வந்திற்றா?"

மக்டலின் கையை உருவிக்கொண்டாள். தேவநற்கருணை வாங்கிய வாயால் கெட்ட வார்த்தை வந்துவிடக்கூடாதே என்று வாயை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அருளப்பு மெல்லத் தொடங்கினார். "இஞ்சேரு, வயலை விப்பமா?"

"என்னண்டு சொன்னீங்க?"

"ஒரு கதைக்குச் சொன்னன்."

"அது என்ட அம்மா எனக்குத் தந்த வயல். எனக்குப் பிறகு என்ட மகள்ட வயல். அந்த வயல்தான் உங்களுக்கும் இவ்வளவு காலம் சோறு போட்டது. இனி அந்தக் கதை இந்த வீட்டில எடுக்கப்படாது."

"சரி, வில்லாம விடுவம். நேரத்தோட வெட்டினா என்ன? ஒரு ரெண்டு கிழமை முந்தினா நெல்லு கோவிச்சுக்குமா?"

அடுத்தநாள் அவள் அவரைப் பஸ்ஸில் ஏற்றி, மண்முனைப் பாலத்தால் அங்கால் கொண்டுபோய், தன் வயல் வட்டையின் வரம்பில் நிறுத்தினாள். அந்தப் பக்கத்து வயல்வெளி முழுதும் அப்போதுதான் பச்சை வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவளுடையது பிந்தி விதைத்தது. அந்த முறை மழை ஒரேயடியாகக் கொட்டி முதல் விதைப்பு அழுகிப்போக, அவள் இரண்டாம்தரம் விதைத்த வெள்ளாமை. புல்லுப் பிடுங்கி, வரம்பை வெட்டிய வக்கடையில் தண்ணீர் மட்டம் பார்த்து, பன்றி வராமல் காவலுக்கு ஆள் வைத்து அதை இந்த அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒரு கதிரைப் பிடுங்கிப் புருசனின் பெருவிரலில் ஒரு மணியை வைத்து நசித்தாள். வெள்ளையாகப் பால் வந்தது.

"இது நெல்லில்ல. பாலு. விளங்குதா?"

"விளங்குது, விளங்குது" என்றார் அருளப்பு. விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

அந்த ஆளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அல்லது விளங்கியும், றொசலின் ஒவ்வொருநாளும் கைபேசியில் கோல் எடுத்து "சம்மந்தி, சம்மந்தி" என்று கூப்பிட்ட கூப்பாட்டில் கரைந்துபோனார். இவ்வளவு காலமும் அவரை டிரைவர் என்றும், அருளப்பு என்றும், இந்தாருங்க என்றும் கூப்பிட்டிருக்கிறார்களே தவிர ஒருவரும் சம்மந்தி என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லுக்கு மனிசன் மயங்கிவிட்டார்.

அவர் முதலில் கேட்டது காத்தான்குடி றம்ஸீனிடம். றம்ஸீன் ஒவ்வொரு போகமும் அந்த வட்டைக்கு நெல் வெட்டுகிற மிசினைக் கொண்டுவருகிறவன். நெல்லையும் அவனே வாங்குவான். வயலைப் போய்ப் பார்த்துவிட்டு, "அண்ணன், இதுக்குள்ள மிசினை இறக்கினா அல்லாஹ் என்னைக் கேப்பான். அக்காட்டக் கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதோடு விட்டிருக்கலாம். அருளப்பு விடவில்லை. தூர இடத்திலிருந்து வந்து, வேலை முடிந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்த ஒரு மிசின்காரனை ரோட்டில் மறித்தார். அவனுக்கு வயலும் தெரியாது, ஆளும் தெரியாது. கூலி கிடைத்தால் வேலியையும் வெட்டிக்கொடுப்பான்.

சர்மிளாவும் அன்ரோவும் கலியாண ஆயத்த வகுப்புக்குப் போயிருந்த சனிக்கிழமை அது. ஆளுக்கொரு கொப்பியோடு இருந்து, பொறுமை, பொறுப்பு, குடும்பச் சீவியம் என்றெல்லாம் கேட்டுக்கொள்ளும் வகுப்பு. மக்டலின் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது றம்ஸீன் கோல் எடுத்தான்.

"அக்கா, உங்கட வட்டைக்குள்ள வேற மிசின் ஒண்டு இறங்கிரிக்கு. நீங்க சொல்லித்தானா?"

அவள் கையில் மீன்செதிலோடு ஓடினாள். ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வயல் மொட்டையாகக் கிடந்தது. தாளிலிருந்து பச்சைச்சாறு வடிந்து, அறுத்த புல்லின் வாடை மூக்கில் அடித்தது. வரம்பு நெடுக மூடை மூடையாக அடுக்கி, நடுவில் அருளப்பு நின்றார். வேர்த்து, தலையில் தூசு படிந்து, ஏதோ பெரிய காரியம் சாதித்தவர் போல முகத்தில் ஒரு இளிப்பு.

"மகளுக்காகச் செய்தன்" என்றார்.

மக்டலின் குனிந்து ஒரு மூடையின் வாயை அவிழ்த்தாள். கையை விட்டாள். உள்ளே ஈரமாக, கதகதவென்று இருந்தது. சின்னப் பிள்ளையின் காய்ச்சல் உடம்பைத் தொட்டது மாதிரி இருந்தது அவளுக்கு. அவள் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்த மனிசனோடு இத்தனை வருசம் ஒரே பாயில் படுத்ததை நினைக்கவே அவளுக்கு அருவருத்தது. அதை அவள் மறைக்கவுமில்லை.

"என்னோட கதைக்காதீங்க" என்றாள். "இண்டைக்கெண்டில்ல. நான் சொல்லும்வரைக்கும்."

நெல்லை ரோட்டோரத்தில் கொட்டிக் காயவைத்தார்கள். வந்த வியாபாரிமார் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, திரும்பப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார்கள். கடைசியில் றம்ஸீனே வந்தான். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தான். கடித்தது நொறுங்கவில்லை, நசிந்தது. "அக்கா, இதை மில்லுல போட்டா மாவும் தவிடும்தான் வரும். கோழிக்குக்கூட வாங்கமாட்டாங்க. நான் பொய் சொல்லி உங்களுக்கு ஆசை காட்டமாட்டன்" என்றான். அவன் முகத்தில் உண்மையாகவே கவலை இருந்தது. அது ஒன்றுதான் அந்தக் கிழமை மக்டலின் கண்ட சுத்தமான முகம்.

பிறகு மாசி மழை வந்தது. காலையில் வெயில் எறித்து ஆசைகாட்டி, நெல்லைப் பரப்பிய பிறகு கொட்டித் தீர்க்கும் மழை. ரோட்டில் கிடந்ததை அள்ளி, மூடை கட்டி, வைக்க இடமில்லாமல் புது வீட்டுக்குள் கொண்டுபோய் அடுக்கினார்கள். மாப்பிள்ளைக்கென்று பெரிதாக எடுத்த அறையில் சுவர் உயரத்துக்கு மூடைகள். மேலே கூரை இல்லாததால் தறப்பாளை இழுத்துக் கட்டினார்கள். தறப்பாளுக்குக் கீழே நெல் வெந்தது. முதலில் புளித்த மணம் வந்தது. பிறகு பூஞ்சணம் பிடித்தது. அதன் பிறகு செத்த எலி மணக்கிறமாதிரி ஒரு மணம் எழும்பி வளவெல்லாம் பரவி, சோற்றுக் கோப்பைக்குள்ளும், உலரப்போட்ட உடுப்புக்குள்ளும் ஏறியது. சர்மிளா பவுடர் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். பாமசியில் ஒரு பொம்பிளை மூக்கைச் சுருக்கினாளாம். வந்து சொல்லிவிட்டு, கிணற்றடிக்குப் போய் இரண்டாம்தரம் தலைக்கு ஊற்றிக் குளித்தாள்.

ஓலை இரண்டு தரம் வாசித்தாயிற்று. விபூதிப் புதன் கிட்ட வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து றொசலின் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

படலையைத் திறந்ததுமே சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்ரோ படலைக்கு இங்கால் வரவில்லை. மோட்டர் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றான். வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தான். சர்மிளா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அவனுக்கு மரநிழலில் போட்டாள். பிறகுதான் இரண்டு எட்டு உள்ளே வைத்து வந்து உட்கார்ந்தான்.

"சீ, என்ன மணம் மச்சாள் இது" என்றாள் றொசலின். "சரி, நடந்தது நடந்து போச்சு. நான் ஒரு வழியோட வந்திரிக்கன். என்ட ஒண்டவிட்ட தம்பி வயல் வாங்கத் தேடித் திரியிறான். நாளைக்கே முற்பணம் தருவான். தகரச் சீற்றப் போட்டா ரெண்டு நாளையில கூரை முடிஞ்சிரும். நீங்க ஒரு கையெழுத்து வைச்சாச் சரி."

ஆளையும் பிடித்துவிட்டாள்! நெல் அழுகும்வரை பார்த்திருந்து, வயலுக்குத் தன் தம்பியைக் கூட்டிவருகிறாள். மக்டலினுக்கு அவளுடைய வாயைப் பார்க்கவே சகிக்கவில்லை. வெற்றிலைச்சாறு உதட்டு மூலையில் காய்ந்திருந்தது.

"ஒரு கையெழுத்துத்தானே" என்று அருளப்பு சொன்னார். பேசக்கூடாதென்று அவள் சொன்னது அவருக்கு மறந்துபோயிருந்தது.

"வைக்கமாட்டன்" என்றாள் மக்டலின்.

"போடுங்கம்மா."

சொன்னது சர்மிளா. மக்டலின் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தாள். மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நீயுமா புள்ள?"

"நானும்தான். உங்களுக்குப் பத்தொன்பது வயசில கலியாணம். இருபதில நான் கையில. நீங்க எனக்குப் பொறு எண்டு சொல்லுறீங்க. முதல்ல அத்திவாரம் போடட்டும் எண்டீங்க, பொறுத்தன். சுவர் எழும்பட்டும் எண்டீங்க, பொறுத்தன். வந்த ஆக்களெல்லாம் பாத்திற்றுப் போனாங்க. இப்ப ஒருத்தர் போகாம நிக்கார். இவரையும் பொறுத்துப் பொறுத்து அனுப்பப் போறீங்களா?"

மகள் மேலும் அவளுக்கு ஒரு கணம் வெறுப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அந்த வெறுப்பு அவள் மேலேயே திரும்பியது. ஏனென்றால் பிள்ளை சொன்னதில் பொய் இல்லை. காத்திருக்கச் சொல்வது மக்டலினுக்கு எப்போதுமே சுலபமாக இருந்தது. காத்திருந்தது அவளல்ல.

அவள் பழைய வீட்டுக்குள் போனாள். அலுமாரியைத் திறந்து, வயல் உறுதிப் பத்திரத்தை எடுத்துவந்து மகளின் கையில் வைத்தாள்.

"எப்பிடியும் உனக்குத்தானே. உன்ட பேருக்கு எழுதித் தாறன். பிறகு நீ வில்லு, வைச்சிரு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"ஐயோ, நல்ல தாய்" என்றாள் றொசலின். மூக்கிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்துவிட்டாள். மணம் போய்விட்டது போலிருக்கிறது. "எழுதிறதை ரெண்டு பேர்ட பேருக்கும் எழுதினா இன்னும் நல்லம் மச்சாள்."

சர்மிளா அதைக் காதில் வாங்கவில்லை. உறுதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அன்ரோவின் கதிரைப் பக்கம் போனாள். அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. அவன் ஓம் என்று சொன்னால் போதும், மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்வேன் என்ற மாதிரிக் கேட்டாள்.

"அன்ரோ, வயலை வித்தாப் பிறகு வருசத்துச் சோத்துக்கு நெல்லு வராது. என்ட சம்பளம் தனிய காணாது. விசா வாறமட்டும் நீங்க ஏதும் வேலை பாப்பீங்கதானே? எந்த வேலையெண்டாலும் சரி."

அன்ரோ கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான். இதுவும் ஒரு கேள்வியா என்று அவனுக்கு வியப்பாக இருந்திருக்கவேண்டும்.

"அதுக்கென்ன," என்றான், "மாமா பென்சன் எடுக்கார்தானே. மாமியும் கோழி வளக்கா."

சர்மிளா அது பகிடியாக இருக்குமென்று காத்துநின்றாள். சிரிப்பதற்கு உதட்டைக்கூட ஆயத்தமாக வைத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. சப்பாத்தில் பட்டிருந்த ஒரு சேற்றுத் துளியைக் கண்டு, குனிந்து நகத்தால் சுரண்டினான்.

அவள் திரும்பி வந்தாள். உறுதியைத் தாயிடம் நீட்டினாள். "இதை உள்ள வைங்கம்மா."

"என்ன புள்ள?" என்றாள் றொசலின்.

"மாமி, பாஸ்கு முடியட்டும். கோடை வெள்ளாமை விதைப்பம், வெட்டுவம், கூரை போடுவம். அதுக்குப் பிறகு கலியாணத்தை வைப்பம். அவரும் வந்து எங்களோட விதைக்கட்டும்."

"என்ட புள்ள சேத்துக்குள்ள இறங்கிறதா? நல்லாரிக்கு. கல்லடியில அவனை ராசா மாதிரி வைச்சிருக்கக் கேக்காங்க."

"அப்ப கல்லடிக்குக் கூட்டிற்றுப் போங்க மாமி."

றொசலின் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். ஓலை வாசித்த பிறகு நின்ற பெட்டையை எவன் எடுப்பான் என்றாள். மணம் பிடித்த வீடு என்றாள். அன்ரோ எழும்பி, மோட்டர் சைக்கிளைத் திருப்பி, தாய் ஏறும்வரை எஞ்சினை முறுக்கிக்கொண்டு நின்றான். சர்மிளாவைப் பார்த்து, "கோல் எடுக்கிறன்" என்றான். எடுக்கமாட்டான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

அவர்கள் போன பிறகு சர்மிளா வேலைக்குப் போகும் சட்டையை மாற்றி, பழைய உடுப்பொன்றைப் போட்டுக்கொண்டு புது வீட்டுக்குள் போனாள். தறப்பாளை அவிழ்த்தாள். அடைபட்டுக் கிடந்த நாற்றம் முகத்தில் அடித்தது. ஒரு மூடையின் முனையைப் பிடித்து இழுத்தாள். மறுமுனையை மக்டலின் பிடித்தாள். சாக்கு உக்கிப்போயிருந்தது. அடியால் கறுப்புத் தண்ணீர் வடிந்து இருவரின் காலிலும் ஒழுகியது. வளவின் கடைசியில் வாழைகளுக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டிக் கொட்டத் தொடங்கினார்கள். கொட்டிய இடத்தில் வெள்ளைப் புழு நெளிந்தது. அருளப்பு சிறிது நேரம் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். மக்டலின் அவரைத் துரத்தவில்லை. கூப்பிடவுமில்லை.

மூன்றாம் நான்காம் மூடையில் சர்மிளாவுக்கு ஓங்காளித்தது. வாழையடியில் குந்தி, குடல் வெளியே வருமாப்போல வாந்தி எடுத்தாள். மக்டலின் ஓடிப்போய் அவள் தலைமயிரைப் பின்னால் சேர்த்துப் பிடித்தாள். நாக்கின் நுனியில் ஒரு பேச்சு நின்றது. நான் அப்பவே சொன்னேனே என்ற பேச்சு. பிள்ளை சரியானதைச் செய்துவிட்டாள், வயல் தப்பிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"எனக்கு அவரை விருப்பம் அம்மா" என்றாள் சர்மிளா. முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "இப்பவும் விருப்பம்தான்."

மக்டலின் கையிலிருந்து நழுவிய மயிர்க்கற்றையைத் திரும்பச் சேர்த்துப் பிடித்தாள்.

"எல்லாரும் பொறு பொறு எண்டுதான் சொல்லுறீங்க. சாமியும் சொல்லுறார், நீங்களும் சொல்லுறீங்க. பொறுத்தா நல்ல ஒருத்தன் வருவான் எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லுறீங்களில்லயே."

பொறுத்தால் நெல் பழுக்கும் என்று மக்டலினுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவள் மகளின் முதுகைத் தடவ நினைத்துக் கையைத் தூக்கினாள். கை முழுக்க அழுகல் நெல் ஒட்டியிருந்தது. சேலையில் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. அந்தக் கையாலேயே தடவினாள்.